குஸ்கோவில் இறங்கியதும் பள்ளத்தாக்குக்குப் போங்கள்

இரண்டு பேர், பத்து நாள், கையில் அளவான பணம், அதில் ஒருவர் சைவம். பெரு நாட்டில் குஸ்கோவையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பார்த்துவிட முடியுமா, இன்காக்களின் பழைய மலைநகரமான மச்சு பிச்சுவுக்குப் போகும் ரயிலுக்கே எல்லாப் பணமும் போய்விடும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஊர் சுற்றும் வரிசையைத் தப்பாகப் போட்டு உடம்பும் கெட்டது, பணமும் வீணானது. இரண்டாம் முறை அதே இடங்களை வேறு வரிசையில் பார்த்தேன். செலவு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அதனால் எங்கே போவது என்பதைவிட எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப்போல ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருவின் தலைநகரான லிமா கடலோரத்து ஊர். அங்கிருந்து விமானத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த உயரத்தில் கொண்டுவந்து இறக்கிவிடும். உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. நான் முதல் முறை போனபோது, பை கனமாக இருந்தும் டாக்சி வைக்காமல் சான் பிளாஸ் பகுதியின் கல்படிகளில் ஏறி விடுதிக்கு நடந்தேன். சாயங்காலம் நெற்றிப்பொட்டில் ஆரம்பித்த வலி விடியும்வரை விடவில்லை. சாப்பிட்டது தங்கவில்லை. படுத்தால் மூச்சு வாங்கியது. அடுத்த இரண்டு நாள் படுக்கையில்தான் போயிற்று. ஏற்கெனவே பணம் கட்டியிருந்த ஒருநாள் சுற்றுலாவும் போயிற்று. உயரத்தால் வரும் இந்த நோய்க்கு அந்த ஊரில் சொரோச்சே என்று பெயர். வயது, உடற்பயிற்சி எதையும் பார்த்து அது வருவதில்லை.

எனவே விமான நிலையத்தில் இறங்கியதும் ஊருக்குள் தங்காதீர்கள். நேரே புனிதப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். அங்குள்ள ஒயந்தாய்தம்போ என்ற ஊர் சுமார் 2,800 மீட்டர்தான். குஸ்கோவைவிட 600 மீட்டர் கீழே. அந்த 600 மீட்டர் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். இரவு தூக்கம் வருகிறதா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது. குஸ்கோவின் பவீத்தோஸ் தெருவிலிருந்து வேன்கள் புறப்படும். கொலெக்திவோ என்பார்கள், நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் நிறைந்ததும் கிளம்பும். ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம், ஆளுக்கு 10 முதல் 15 சோல். ஒரு சோல் என்பது சுமார் 25 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வாசலில் உங்களைச் சூழ்ந்துகொள்ளும் தனிக் கார்கள் இதே தூரத்துக்குப் பல மடங்கு கேட்கும். வளாகத்தை விட்டு வெளியே வந்து, பவீத்தோஸ் வரை மட்டும் டாக்சி பிடியுங்கள்.

லிமாவிலிருந்து பஸ்ஸில் வந்தால் மிச்சமாகுமே என்று யோசிப்பீர்கள். 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும், வளைவுகள் அதிகம், வழியில் 4,000 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும். முன்கூட்டியே எடுத்தால் விமான டிக்கெட்டுக்கும் நல்ல பஸ் டிக்கெட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. விமானத்திலேயே வாருங்கள்.

ஒயந்தாய்தம்போவில் மூன்று இரவு இருங்கள். பலர் ரயில் ஏறுவதற்கு மட்டும் இந்த ஊருக்கு வந்து ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. ஸ்பானியர் வருமுன் இந்த மலைகளை ஆண்ட இன்காக்களின் காலத்தில் போட்ட தெருக்களிலேயே இன்றும் ஜனங்கள் குடியிருக்கிற ஊர் இது. குறுகிய கல்சந்துகளின் ஓரமாக மலைத்தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி ஜன்னலைத் திறந்துவைத்தால் அந்தச் சத்தம் கேட்கும். மேலே கோட்டையில் ஆறு பெரிய கற்பலகைகள் நிற்கின்றன. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் வெட்டி, கீழே இறக்கி, ஆற்றைக் கடத்தி, மறுபடி மேலே ஏற்றியிருக்கிறார்கள். பாதி வழியில் விட்டுப்போன கற்கள் இன்னும் வயல்வெளியில் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைக் களைத்துப்போன கற்கள் என்கிறார்கள். 1536-37 வாக்கில் இன்கா அரசர் மான்கோ இங்கிருந்துதான் ஸ்பானியப் படையைத் திருப்பி அடித்தார்.

இந்தக் கோட்டைக்கு டிக்கெட் உண்டு. ஆனால் எதிர்மலையில் பிங்கூயூனா என்ற இடத்தில் இன்கா காலத் தானியக் களஞ்சியங்கள் செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அதற்குக் கட்டணம் கிடையாது. இரண்டாம் நாள் சாயங்காலம் மெதுவாக ஏறுங்கள். ஊரும் கோட்டையும் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். மூச்சு வாங்கினால் உட்காருங்கள், அவசரமே இல்லை.

டிக்கெட் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பணம் அதிகம் வீணாவது இதில்தான். பொலேத்தோ துரிஸ்திகோ என்ற கூட்டுச்சீட்டு வெளிநாட்டவருக்கு 130 சோல். 10 நாள் செல்லும், 16 இடங்கள். 70 சோலுக்குப் பகுதிச் சீட்டுகளும் உண்டு. பள்ளத்தாக்குச் சீட்டில் ஒயந்தாய்தம்போ, பிசாக், சிஞ்செரோ, மொராய் என நான்கு இடம், ஆனால் இரண்டே நாள்தான் செல்லும். குஸ்கோ நகரத்துக்கு மேலே உள்ள சக்சாய்வாமன் கோட்டை முதலிய நான்கு இடங்களுக்கான சீட்டு ஒரே நாள். இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் 140 ஆகிவிடும். உங்களுக்குப் பத்து நாள் இருப்பதால் முழுச்சீட்டுதான் சரி. முதல் நாளே எடுத்துவிடாமல், உடம்பு தேறி முதல் இடத்துக்குள் நுழையும் அன்று எடுங்கள், நாள் கணக்கு அப்போதுதான் ஆரம்பிக்கும். மச்சு பிச்சு, மராஸ் உப்பளம், குஸ்கோவில் உள்ள கோரிகாஞ்சா கோயில், கதீட்ரல் ஆகியவை இதில் சேராது.

மராஸ், மொராய் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். பள்ளத்தாக்கில் உள்ள உருபம்பா ஊரிலிருந்து குஸ்கோ போகும் வண்டியில் ஏறி, மராஸ் பிரிவில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அங்கே டாக்சிகள் நிற்கும். இரண்டு பேராக இருப்பதால் பேசி முடித்து மொராய் வரை போய் மராஸுக்குத் திரும்பலாம். மொராய் என்பது வட்டம் வட்டமாக உள்ளிறங்கும் விவசாயப் படிகள். அப்புறம் மராஸ் கிராமத்திலிருந்து உப்பளத்துக்கு நடந்தே போங்கள், எல்லாம் இறக்கம்தான். மலையிடுக்கில் உப்பு ஊற்று ஒன்று கசிந்து வருகிறது. அந்த ஒரே ஊற்றுத் தண்ணீரைச் சின்னச் சின்ன வாய்க்கால் வழியாக 3,000க்கும் மேற்பட்ட பாத்திகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஒவ்வொரு பாத்தியும் ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். பாத்தி நிறைந்ததும் கல்லை வைத்து மடையை அடைத்து, அடுத்தவருக்குத் திறந்துவிடுகிறார்கள். நீங்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் அந்த ஊருக்குத்தான் போகிறது. அங்கிருந்து பாதை ஆற்றங்கரை நெடுஞ்சாலைக்கே இறங்கிவிடும். சாலையில் கை காட்டினால் ஒயந்தாய்தம்போ வண்டி நிற்கும். சுற்றுலா பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்தக் கடைசி இறக்கம் கிடைப்பதில்லை.

சரி, மச்சு பிச்சு. அடிவார ஊரான அகுவாஸ் காலியெந்தெஸுக்குச் சாலையே கிடையாது, அதுதான் சிக்கல். ஒயந்தாய்தம்போவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஒரு வழிக்கே ஆளுக்கு 60 டாலரும் அதற்கு மேலும் ஆகும். காசு குறைவாக வைத்திருப்பவர்கள் போகும் வழி இத்ரோஎலெக்த்ரிகா என்ற நீர்மின் நிலையத்தின் வழி. காலையில் குஸ்கோவிலிருந்து கிளம்பும் வேன்கள் ஒயந்தாய்தம்போ வழியாக, 4,300 மீட்டர் உயர மாலகா கணவாயைத் தாண்டி, சாந்தா மரியா, சாந்தா தெரெசா என்று இறங்கி, பிற்பகலில் அந்த நீர்மின் நிலையத்தில் விடும். ஒரு வழிக்கு 50, 60 சோல் ஆகும். ஒயந்தாய்தம்போவில் ஏறிக்கொள்கிறோம் என்று முன்பே சொல்லி வையுங்கள். வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து தண்டவாளத்தை ஒட்டி 10 கிலோமீட்டர் நடை. கிட்டத்தட்ட சமதளம், இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் காடு, வாழை, கீழே இரைச்சலோடு ஆறு. குளிரில் இருந்து வந்தவர்களுக்குத் திடீரென்று வேர்க்கும். மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும் என்பதால் மூன்று மணிக்குள் நடக்க ஆரம்பித்துவிடுங்கள். கையில் டார்ச் இருக்கட்டும். ரயில் சத்தம் கேட்டால் நன்றாக ஒதுங்கி நில்லுங்கள்.

இந்த வழியை எல்லா மாதத்திலும் சொல்ல மாட்டேன். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை அடித்து ஊற்றும், கணவாய்ச் சாலையில் மண் சரியும், வண்டி மணிக்கணக்கில் நிற்கும். அந்த மாதங்களில் போவதானால் வேறு எதையாவது குறைத்துக்கொண்டு ரயிலுக்குக் கொடுத்துவிடுங்கள். மலைவளைவில் வாந்தி வருபவர்களும் அப்படியே. போகும்போது வேன், திரும்பும்போது ரயில் என்று பிரித்துக்கொள்வதும் நல்ல ஏற்பாடு.

திரும்பும் வேன்கள் இத்ரோஎலெக்த்ரிகாவிலிருந்து பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். அதைப் பிடிக்க வேண்டுமானால் முற்பகலிலேயே அகுவாஸ் காலியெந்தெஸை விட்டு நடக்க வேண்டும். இத்தனை தூரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மச்சு பிச்சுவைப் பார்ப்பதா? ஒரு இரவுக்குப் பதில் இரண்டு இரவு தங்குங்கள். கூடுதல் படுக்கைக் காசு வீணில்லை.

நுழைவுச்சீட்டு 152 சோல், வாய்னா பிச்சு சிகரமும் சேர்த்தால் 200. நேரமும் நடைபாதையும் சீட்டிலேயே குறித்திருக்கும். மூன்று நடைச்சுற்றுகளில் இரண்டாவதுதான் மேல்தளத்திலிருந்து தெரியும் காட்சி, பழைய ஊரின் உட்புறம் இரண்டையும் காட்டும். நீங்கள் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் போனால் அதற்கு மாதக்கணக்கில் முன்பே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். தினமும் ஒரு பகுதிச் சீட்டை அகுவாஸ் காலியெந்தெஸிலேயே நேரில் விற்கிறார்கள். ஆனால் விடியுமுன் வரிசையில் நின்று, கிடைத்த நேரத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதை நம்பிப் போக வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள், வாசலில் பார்ப்பார்கள். மேலே போகும் பஸ்ஸுக்கு ஒரு வழிக்கு 12 டாலர். கல்படி வழியாக ஏறினால் காசில்லை. ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம், நல்ல செங்குத்து. நீங்கள் இதற்குள் ஐந்து நாள் மலையில் இருந்திருப்பீர்கள், மச்சு பிச்சுவோ 2,430 மீட்டர்தான். கால் வலிக்கும், மூச்சு நிற்காது. முதல் நாளிலேயே குஸ்கோவில் இறங்கி மறுநாளே இங்கு ஓடிவருபவர்கள் அந்தப் படியில் பாதியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம்தான் குஸ்கோ. இப்போது அதே கல்படிகளில் பையோடு ஏறலாம். சான் பிளாஸில் பொது அறைப் படுக்கை 40, 50 சோலுக்குக் கிடைக்கும். அறையை எடுக்குமுன் குழாயில் வெந்நீர் வருகிறதா, கம்பளி எத்தனை தருவார்கள் என்று பாருங்கள். ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூஜ்ஜியம் வரை போகும், மலிவான விடுதிகளில் ஹீட்டர் இருக்காது. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். இரவில் பெயர் எழுதாத டாக்சியைத் தெருவில் நிறுத்தி ஏறாதீர்கள். 100 சோல் நோட்டை மாற்றித் தர எந்தச் சின்னக் கடையும் தயங்கும், எனவே சில்லறையைச் சேர்த்து வையுங்கள்.

சாப்பாட்டுக்கு சான் பெத்ரோ சந்தை. 1925இலிருந்து இருக்கிற பெரிய இரும்புக் கொட்டகை. மதியத்தில் மெனூ என்று கேட்டால் சூப், ஒரு சாப்பாடு, ஒரு பானம் எல்லாம் சேர்த்து 10 முதல் 15 சோல். நம் அளவுச் சாப்பாடு போல. சைவக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்பானிஷில் சின் கார்னே, அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொன்னால் அவர்கள் காதில் மாட்டிறைச்சி வேண்டாம் என்றுதான் விழும், தட்டில் கோழி வந்துவிடும். சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, அதாவது இறைச்சி, கோழி, மீன் எதுவும் இல்லாமல் என்று மூன்றையும் சொல்லுங்கள். சூப்பில் பெரும்பாலும் எலும்புச்சாறு இருக்கும், அதைத் தவிர்க்கலாம். சோறும் பருப்பும் எங்கும் கிடைக்கும், அதிலும் திங்கள்கிழமை பருப்பு சமைப்பது பெரு முழுதும் வழக்கம், அன்று கவலையே இல்லை. வேகவைத்த பெரிய மணிச் சோளம், கூடவே ஒரு துண்டு வெள்ளைப் பாலாடைக்கட்டி, தெருமுனையில் சில சோல். அதோடு ரொகோத்தோ மிளகாயை அரைத்த துவையல் கேளுங்கள், நாக்கு விழித்துக்கொள்ளும். உருளைக்கிழங்கின் பூர்வீகமே இந்த மலைகள்தான். ஊதா, மஞ்சள், முண்டு முடிச்சு என்று சந்தைத் தரையில் குவித்திருப்பார்கள்.

முழுச்சீட்டை வைத்துக்கொண்டு ஒரு நாள் காலை தம்போமச்சாய் வரை வண்டியில் ஏறிப் போய், அங்கிருந்து புக்கா புக்காரா, கென்கோ, சக்சாய்வாமன் என்று நகரத்தை நோக்கி இறங்கி நடங்கள். எட்டு கிலோமீட்டருக்குள் வரும். சக்சாய்வாமனில் சில கற்கள் 100 டன்னுக்கு மேல். சின்னக் கற்களையெல்லாம் ஸ்பானியர் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டிவிட்டார்கள், தூக்க முடியாததுதான் மிஞ்சியிருக்கிறது. கோரிகாஞ்சாவுக்குக் கட்டணம் கொடுத்தே உள்ளே போங்கள். இன்காக்களின் சூரியக் கோயில்மீது சர்ச் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் சர்ச் இடிந்தது, அடியில் இருந்த இன்கா சுவர் அசையாமல் வெளியே தெரிந்தது. ஹாத்துன் ரூமியோக் தெருவில் பன்னிரண்டு முனைக் கல் இருக்கிறது, அதற்குக் காசில்லை. 2025 பிப்ரவரியில் ஒருவர் இரவில் அதை அடித்துச் சில இடங்களில் சேதப்படுத்திவிட்டார். பார்க்கும்போது மனசு கனக்கும். தொடாதீர்கள்.

வானவில் மலைக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது 5,000 மீட்டருக்கு மேல், விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும், கூட்டம் நெரியும். கடைசி இரண்டு நாளில் உடம்பு நன்றாக இருந்தால் போங்கள். நான் அந்த நாளைக் குஸ்கோவுக்குத் தெற்கே உள்ள பள்ளத்தாக்குக்குக் கொடுப்பேன். உர்கோஸ் போகும் சாதாரண பஸ்ஸில் சில சோலுக்குத் தீபோன் போய், படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் இன்கா வாய்க்கால்களைப் பாருங்கள். ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் தண்ணீர் அதே கணக்கில் பிரிந்து ஓடுகிறது.

சிஞ்செரோவில் நெசவுக்காரப் பெண்களிடம் அரை மணி நேரமாவது உட்காருங்கள். சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வளரும் வெள்ளைப் பூச்சியை ஒருவர் உள்ளங்கையில் நசுக்கினார். ரத்தச் சிவப்பு. அதில் எலுமிச்சையைப் பிழிந்ததும் ஆரஞ்சுக்கு மாறியது. அவர்கள் பேசுவது கெச்சுவா. வாசி என்றால் வீடு, வாசிகுனா வீடுகள், வாசிகுனாபி வீடுகளில். நம்மைப்போலவே விகுதிக்குப் பின் விகுதியாக ஒட்டிக்கொண்டு போகிறது. இன்னும் ஆச்சரியம், நாம் என்பதற்கு ஒரு சொல், நாங்கள் என்பதற்கு வேறு சொல்: நோகாஞ்சிஸ், நோகாய்க்கு. ஸ்பானிஷ்காரருக்குப் பாடமெடுத்துப் புரியவைக்க வேண்டியது நமக்குச் சொன்னதும் புரியும். நான் அதைச் சொன்னபோது அந்த அம்மா சிரித்துக்கொண்டே நோகாஞ்சிஸ் என்று என்னையும் சேர்த்துக் கையைச் சுழற்றிக் காட்டினார். நன்றிக்கு சுல்பாய்கி. எதுவும் வாங்காவிட்டாலும் படம் எடுக்குமுன் கேளுங்கள், எடுத்தால் சில சோல் கொடுங்கள்.

மொத்தத்தில் தங்கல், சாப்பாடு, வண்டி சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 130 சோலில் முடியும். கூட்டுச்சீட்டும் மச்சு பிச்சுவும் தனி. தலைவலியோடு வாந்தி நிற்காமல் வந்தாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கையில் மூச்சு திணறினாலோ உயர நோய்க்கு அங்கே குடிக்கும் கோக்கா இலைத் தேநீரை நம்பி உட்காராதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், கீழே இறங்குங்கள். முன்தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன் இரண்டு காகிதங்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடு இவற்றில் ஒன்றின் விசா குறைந்தது 6 மாதம் செல்லும்படி இருந்தால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பெருவின் சுற்றுலா விசா தேவையில்லை. இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ். குஸ்கோ உயரத்தில் அந்த நோய் பரவுவதில்லை, பலர் இதை மறந்துவிடுவதும் அதனால்தான். ஆனால் பெருவிலிருந்து இந்தியா திரும்பும்போது விமான நிலையத்தில் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போய்விடுங்கள்.